கவிஞர்க்கு இயற்பியல்: பொதுக்கல்விப் பாடங்கள் உருவான வரலாறு

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் 'கவிஞர்க்கு இயற்பியல்' என்றொரு தொடர் நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. அது பாடத்திட்டத்தில் அச்சிடப்பெறும் பெயரன்று. மாணவர் இட்ட பட்டப்பெயர். இலக்கியமோ வரலாறோ வணிகவியலோ பயில்வோரும் பட்டம் பெறுமுன் அறிவியற்பாடம் ஒன்றையேனும் கற்றாக வேண்டும் என்னும் விதி அந்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் உண்டு. அவ்விதியை நிறைவு செய்வதற்கென்றே, கணக்கைக் குறைத்து விளக்கத்தைக் கூட்டி நடத்தப்பெறும் இயற்பியல் வகுப்பையே அப்பெயர் சுட்டும். நிலவியலில் இத்தகைய வகுப்புக்கு 'விளையாட்டு வீரர்க்குப் பாறைகள்' என்று பெயர். இயற்பியலாளர் ராபர்ட் மார்ச் 1970ஆம் ஆண்டு வெளியிட்ட தம் பாடநூலுக்கு, எள்ளலாக வழங்கிய முதற்பெயரையே தலைப்பாகச் சூட்டினார்.

அந்த எள்ளலுக்குள் இரண்டு கருத்துகள் மறைந்து கிடக்கின்றன. கவிஞர்க்குக் கணக்கு வாராது என்பது ஒன்று. பிற துறையார்க்கு வழங்கும் அறிவியல் நீர் கலந்த பால் போன்றது என்பது மற்றொன்று. இப்பாடங்கள் உருவான வரலாற்றை நோக்குவார்க்கு இவ்விரண்டும் பொருந்தாமை விளங்கும். அவற்றுட் சிறந்தவை, துறை மாணவர்க்குரிய பாடங்கள் எழுப்பாத வினாக்களை எழுப்பின. அறிவியலைப் பற்றிய இருபதாம் நூற்றாண்டின் சிந்தனையையே திசைதிருப்பிய நூலொன்று, அறிவியல் மாணவர் அல்லாதார்க்காக நடத்தப்பெற்ற வகுப்பிலிருந்துதான் பிறந்தது. அவ்வரலாற்றின் சில படிகளை எடுத்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

செந்நூல்

சார்லஸ் எலியட் 1869 முதல் 1909 வரை ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் தலைவராக விளங்கினார். கட்டாயப் பாடங்களைத் தளர்த்தி, வேண்டிய பாடத்தை மாணவரே தெரிந்தெடுக்கும் முறையை அவர் வளர்த்தார். அதனால் துறையறிவு செழித்தது. ஆனால், ஒரே கல்லூரியிற் பயின்ற இருவர் பொதுவாகப் பேசிக்கொள்ள ஒன்றுமில்லாத நிலையும் உருவாயிற்று. இதற்கு மாற்றாகக் கொலம்பியா பல்கலைக்கழகம் 1919ஆம் ஆண்டு, முதலாம் உலகப்போரின் சூடு ஆறுமுன், 'இக்கால நாகரிகம்' என்னும் பொதுப்பாடத்தைத் தொடங்கிற்று. சிகாகோவில் ராபர்ட் ஹட்சின்ஸ் பொதுக்கல்வியைக் கல்லூரிப் படிப்பின் நடுவிலேயே வைத்தார். அங்கு ஜோசப் ஷ்வாப் என்னும் உயிரியலாளர், பாடநூலை ஒதுக்கிவிட்டு அறிவியலாளர் எழுதிய மூலக் கட்டுரைகளையே மாணவரோடு அமர்ந்து படித்தார். இலக்கிய வகுப்பில் ஒரு செய்யுளை அடியடியாக ஆராய்வதுபோல், ஓர் ஆய்வுரையில் ஆசிரியர் வினவியது யாது, கண்டது யாது, கண்டதிலிருந்து அவர் தாவிய தாவல் யாது என்று ஆராய்வதே அவ்வகுப்பின் முறையாகும்.

1943ஆம் ஆண்டு ஹார்வர்டின் தலைவர் ஜேம்ஸ் பிரையண்ட் கோனன்ட், பொதுக்கல்வியை ஆராய வரலாற்றறிஞர் பால் பக் தலைமையில் ஒரு குழுவை அமைத்தார். தமிழ்த் திறனாய்வு மாணவர்க்கு நன்கு அறிமுகமான ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் அக்குழுவின் உறுப்பினர்களுள் ஒருவர். பார்வையின் வேதியியலை ஆராய்ந்து 1967இல் நோபல் பரிசு பெறவிருந்த ஜார்ஜ் வால்ட் மற்றொருவர். கவிதையின் பொருளை ஆய்ந்தவரும் கண்ணின் நிறமியை ஆய்ந்தவரும் ஒரே மேசையில் அமர்ந்து, எல்லார்க்கும் பொதுவான கல்வி எது என்று வாதிட்டனர் என்பது எண்ணி மகிழத்தக்கது. 'சுதந்திரச் சமுதாயத்தில் பொதுக்கல்வி' என்னும் பொருள்பட்ட தலைப்போடு 1945இல் வெளிவந்த அக்குழுவின் அறிக்கை, அட்டையின் நிறத்தால் 'செந்நூல்' என வழங்கப்பட்டது.

துறையல்லாத மாணவனுக்குத் துறையின் முதற்படியையே கொடுத்தல் கூடாது என்பது செந்நூலின் தெளிவான கருத்துகளுள் ஒன்று. வேதியியல் முதற்பாடம் இரண்டாம் பாடத்திற்கு ஏணியாக அமைந்தது. இரண்டாம் பாடத்தை ஒருபோதும் பயிலாதவனுக்கு அவ்வேணி எங்கும் கொண்டு சேர்க்காது. ஆகவே அவனுக்கென்று வேறொரு பாடம், தன்னளவில் நிறைவுடைய பாடம், வகுக்கப்படல் வேண்டும். அதனை வகுப்பது எவ்வாறு என்பதே வினா.

காற்றெக்கியின் கதை

அவ்வினாவுக்கு விடை காணக் கோனன்டே முன்வந்தார். அவர் வேதியியலாளர், போர்க்காலத்தில் அமெரிக்க அரசின் ஆயுத ஆய்வுகளை நெறிப்படுத்தியவர்களுள் ஒருவர். 1945 ஜூலை 16ஆம் நாள் நியூமெக்சிகோ பாலைநிலத்தில் முதல் அணுகுண்டு வெடித்தபோது அங்கிருந்து அதனைக் கண்டவர். அதற்கு முன், மே 31ஆம் நாள் கூடிய இடைக்காலக் குழுவின் கூட்டத்தில், தொழிலாளர் குடியிருப்புகள் சூழ்ந்த போர்த் தொழிற்சாலை ஒன்றே ஏற்ற இலக்காகும் என்னும் கருத்தை முன்வைத்தவரும் அவரே. ஒரு சிலர் மூடிய அறையில் எடுத்த முடிவு நகரங்களை அழித்தது. அதனைக் குறித்து வினவும் அறிவு அவற்றின் மக்களுக்கு மட்டுமன்றி, முடிவெடுத்த நாட்டின் மக்களுக்கும் இல்லை. இனி அறிவியலைப் பற்றிய முடிவுகளை வழக்கறிஞரும் வணிகரும் ஆசிரியரும் வாக்காளரும் மதிப்பிட வேண்டியிருக்கும் என்பதை அவரினும் நன்கறிந்தவர் சிலரே.

1946இல் யேல் பல்கலைக்கழகத்தில் அவர் ஆற்றிய சொற்பொழிவுகள் மறு ஆண்டு 'அறிவியலைப் புரிந்துகொள்ளல்' என்னும் கருத்துடைய தலைப்பில் நூலாயின. குடிமகனுக்கு வேண்டியது அறிவியற் செய்திகளின் தொகுப்பன்று என்பது அந்நூலின் மையக்கருத்து. செய்திகள் பழையனவாகிவிடும், அறிஞரிடம் கேட்டும் அவற்றை அறியலாம். அறிவியல் எவ்வாறு நடைபெறுகிறது, ஒரு கருத்து எவ்வாறு முளைத்து, தடுமாறி, எதிர்ப்பைச் சந்தித்து நிலைபெறுகிறது என்னும் உணர்வே அவனுக்கு வேண்டும். அதற்குப் பரப்பு வேண்டா, ஆழம் வேண்டும். சில வரலாற்று நிகழ்ச்சிகளை மட்டும் தெரிந்தெடுத்து நுணுகிக் கற்றல் போதும். சட்டக் கல்லூரியில் வழக்குகளை வைத்துச் சட்டம் கற்பிப்பது போன்ற முறையே இது.

இக்கொள்கையின்படி 1947இல் தொடங்கிய வகுப்புக்கு 'இயற்கை அறிவியல் 4' என்பது பெயர். பல்கலைக்கழகத் தலைவரே வகுப்பறையில் நின்று கற்பித்தார். அதன் புகழ்பெற்ற பாடங்களுள் ஒன்று காற்றைப் பற்றியது. கிணற்றிலிருந்து உறிஞ்சுக் குழாய் நீரை ஏறத்தாழப் பத்து மீட்டருக்கு மேல் உயர்த்துவதில்லை என்பது தொழிலாளர் அறிந்த செய்தி. 'இயற்கை வெறுமையை வெறுக்கிறது' என்னும் பழங்கொள்கை, அவ்வெறுப்பு பத்து மீட்டரோடு நின்றுவிடுவது ஏன் என்பதை விளக்கவில்லை. நாம் காற்றுக்கடலின் அடியில் வாழ்கிறோம், அக்கடலின் எடையே நீரை ஏற்றுகிறது என்று இத்தாலிய அறிஞர் டாரிசெல்லி கருதினார். அவ்வாறாயின், நீரைக் காட்டிலும் 13.6 மடங்கு அடர்த்தியுடைய பாதரசம் அத்தனை மடங்கு குறைவாகவே ஏறுதல் வேண்டும். சோதித்தபோது, 76 சென்டிமீட்டர் உயரத்தில் அது நின்றது. காற்றுக்கடல் என்பது மெய்யானால் மலையுச்சியில் அதன் ஆழம் குறையுமன்றோ என்று பாஸ்கல் வினவினார். 1648 செப்டம்பர் 19ஆம் நாள் அவருடைய மைத்துனர் பெரியே பிரான்சின் பூய் தெ தோம் மலையின்மீது பாதரசக் குழாயை எடுத்துச் சென்றார். ஏற ஏறப் பாதரசம் இறங்கியது.

ஆங்கில அறிஞர் பாயில் காற்றெக்கி ஒன்றைச் செய்வித்துத் தம் சோதனைகளை 1660இல் வெளியிட்டார். லைனஸ் என்னும் இயேசு சபைத் துறவி அவற்றை மறுத்தார். பாதரசத்தைத் தாங்குவது காற்றன்று, கண்ணுக்குப் புலனாகாத ஒரு கயிறே என்றார். அம்மறுப்புக்கு விடை கூற முற்பட்டபோதுதான், காற்றின் அழுத்தம் இருமடங்காகின் அதன் பருமன் பாதியாகும் என்னும் விதி வெளிப்பட்டது. பள்ளி மாணவர் இன்று ஒற்றை வரியில் மனப்பாடம் செய்யும் பாயில் விதி, ஒரு வாதத்தின் நடுவே, எதிராளியின் தூண்டுதலால் பிறந்தது. நம் இலக்கண உரைகளில் பிறர்கோள் கூறி மறுக்கும் முறையால் ஒரு நூற்பாவின் பொருள் தெளிவடைவதை அறிந்தார்க்கு இது வியப்பளிக்காது.

எரிதலைப் பற்றிய பாடம் மற்றொரு படிப்பினை. பிரீஸ்ட்லி 1774இல் பாதரச ஆக்சைடைச் சூடாக்கி, எரிதலுக்குப் பெரிதும் துணைசெய்யும் வளி ஒன்றைப் பிரித்தார். எரியும் பொருளிலிருந்து ஃபுளோஜிஸ்டன் என்னும் பொருள் வெளியேறுகிறது என்னும் பழைய கொள்கையில் அவர் ஊறியவர். ஆதலின் தாம் கண்டது ஒரு புதிய தனிமம் என்பதை அவர் இறுதிவரை ஒப்பவில்லை. அதே வளியை லவாய்சியே ஆக்சிஜன் எனக் கண்டு, வேதியியலையே புதுக்கினார். கையிலிருந்த பொருள் ஒன்றே. கண்ட கண் வேறு. இப்பாடங்கள் 1957இல் இரு தொகுதிகளாக நூலுருப் பெற்றன.

சாளரத்தருகே ஒரு மாணவர்

இவ்வகுப்பைத் தொடங்குமுன், இயற்பியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்த தாமஸ் கூன் என்னும் இளைஞரைக் கோனன்ட் துணைக்கு அழைத்தார். இயக்கவியலின் வரலாற்றைப் பாடமாக்கும் பணி அவருக்கு வந்தது. கலிலியோவுக்கும் நியூட்டனுக்கும் முன் நிலவிய கருத்தை அறிய, 1947ஆம் ஆண்டுக் கோடையில் அவர் அரிஸ்டாட்டிலின் 'இயற்பியல்' நூலைக் கையிலெடுத்தார். பிற துறைகளில் அத்துணைக் கூர்மையுடன் விளங்கிய ஒருவர் இயக்கத்தைப் பற்றி எழுதியதெல்லாம் பிழையாகவே தோன்றியது. ஒருநாள் அறையின் சாளரத்திற்கு வெளியே நோக்கியவாறு சிந்தித்திருந்தபோது, திடீரெனக் குழப்பம் நீங்கியது என்று கூன் பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார். இயக்கம் என்னும் சொல்லால் அரிஸ்டாட்டில் கருதியது இடப்பெயர்ச்சியை மட்டுமன்று. விதை மரமாவதும் நோயாளி நலம் பெறுவதும் அவருக்கு இயக்கமே. அப்பொருளில் படித்தால், பிதற்றலெனத் தோன்றியவை ஒன்றோடொன்று இயைந்த கோட்பாடாயின.

தமிழ் பயின்றார்க்கு இவ்வனுபவம் புதிதன்று. பழைய இலக்கியத்தில் 'நாற்றம்' நறுமணத்தைக் குறித்தது. இன்று அச்சொல் தீமணத்தையே குறிக்கிறது. இன்றைய பொருளைக் கொண்டு பழம்பாடலைப் படிப்பவன் புலவரைப் பிழை கூறுவான். அன்றைய பொருளை அறிந்தவன் பாடலைத் துய்ப்பான். உரையாசிரியர் மரபு நமக்குக் கற்பித்த அப்பொறுமையைத்தான் கூன் அறிவியல் நூலிடம் காட்டினார். அங்கிருந்து தொடங்கிய சிந்தனை, ஒரு காலத்து அறிவியலைத் தாங்கிநிற்கும் அடிப்படைச் சட்டகமே சில வேளைகளில் முற்றாக மாறிவிடுகிறது என்னும் கோட்பாடாக வளர்ந்து, 'அறிவியற் புரட்சிகளின் கட்டமைப்பு' என்னும் நூலாக 1962இல் வெளிவந்தது. இம்முயற்சியைத் தொடங்கி வைத்தவர் என்று கோனன்டுக்கே அதனைக் கூன் காணிக்கையாக்கினார். நுண்கணிதம் அறியாத மாணவர்க்குப் பாடம் வகுக்க முற்பட்டதன் பயனாக, அறிவியல் தன்னைத்தானே நோக்கும் முறை மாறிற்று.

எட்டாத எல்லை

எனினும் கோனன்டின் திட்டத்தில் ஒரு குறை இருந்தது. அதன் நிகழ்ச்சிகள் யாவும் பதினேழு முதல் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரையிலானவை. கணிதம் குறைவாகவே வேண்டப்பட்ட காலம் அது என்பதும், தொலைவிலிருந்து நோக்கத் தெளிவு மிகும் என்பதும் அதற்கு அவர் கண்ட காரணங்கள். அக்காரணங்கள் தக்கனவே. ஆயினும் அணுகுண்டின் நிழலில் தொடங்கிய பாடம் அணுகுண்டைத் தொடவில்லை. அறிவியல் எவ்வாறு அறிகிறது என்பதை மாணவர் கற்றனர். அறிந்ததைக் கொண்டு அரசும் தொழிலும் என்ன செய்கின்றன என்பதை அவ்வகுப்பு கற்பிக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் அறிவியல், பாயிலின் காற்றெக்கியைப் போல் ஒரு மேசையின்மீது அடங்குவதன்று.

1959இல் சி.பி. ஸ்னோ கேம்பிரிட்ஜில் நிகழ்த்திய சொற்பொழிவு, இலக்கியவாணரும் அறிவியலாளரும் இருவேறு பண்பாட்டினராகப் பிரிந்து நிற்பதைச் சுட்டி உலகெங்கும் விவாதத்தை எழுப்பியது. வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதியை அறியாதிருப்பது ஷேக்ஸ்பியரைப் படியாதிருப்பதற்கு ஒப்பாகும் என்பது அவர் வாதம். மறுஆண்டு, செந்நூற்குழு உறுப்பினராகிய ஜார்ஜ் வால்ட் ஹார்வர்டில் 'உயிர்களின் இயல்பு' என்னும் பொதுக்கல்விப் பாடத்தைத் தொடங்கினார். அணுவின் அமைப்பிலிருந்து உயிரின் தோற்றம் வரை ஒரே தொடர்கதையாக அவர் விரித்துரைத்த அவ்வகுப்பில் மாணவர் திரண்டனர். ஆய்வின் உச்சியில் நின்றவரே முதலாண்டு மாணவர்க்குக் கற்பித்தார் என்பது கருதத்தக்கது. அவர் 1969 மார்ச் 4ஆம் நாள் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஆற்றிய உரை, வியட்நாம் போரையும் அணு ஆயுதப் பெருக்கத்தையும் எதிர்த்து, தமக்கு எதிர்காலம் உண்டா என்று ஐயுறும் இளைஞரின் சார்பாக ஒலித்தது. கோனன்டின் வகுப்பில் பேசப்படாதது இங்கே வெளிப்படையாகப் பேசப்பட்டது.

கணிதத்திற்கு வேறொரு வாயில்

கணிதத்தின் நிலை வேறு. நியூட்டன் காலம் முதல் நுண்கணிதமே உயர்கல்விக் கணிதத்தின் தலைவாயிலாக இருந்து வந்தது. கோள்களின் இயக்கத்தையும் வீசிய கல்லின் பாதையையும் கணிக்க அது இன்றியமையாதது. ஆனால் மக்களிடையே கருத்து பரவுவதையோ, வாக்குகளின் வலிமையையோ, நிகழ்தகவையோ அறிய விரும்பும் மாணவனுக்கு அவ்வாயில் நெடுந்தொலைவில் உள்ளது.

ஹங்கேரியில் 1926இல் பிறந்து, 1940இல் அமெரிக்கா சென்றவர் ஜான் கெமனி. இளமையில் லாஸ் அலமோஸ் அணு ஆய்வுக்கூடத்தில் கணக்கிடும் பணி செய்தவர். பின்னர் ஐன்ஸ்டைனின் கணித உதவியாளராக இருந்தவர். டார்ட்மத் கல்லூரியின் கணிதத் துறையை ஏற்ற அவர், ஸ்னெல், தாம்சன் ஆகியோருடன் சேர்ந்து 1957இல் 'முடிவுறு கணிதத்திற்கு ஓர் அறிமுகம்' என்னும் நூலை வெளியிட்டார். முடிவிலியை அணுகாமல், எண்ணி முடிக்கத்தக்க பொருள்களைக் கொண்டே தருக்கம், கணங்கள், நிகழ்தகவு, அணிகள், ஆட்டக் கோட்பாடு ஆகியவற்றை அந்நூல் கற்பித்தது. இவை எளியவை என்பதற்காகச் சேர்க்கப்படவில்லை. புதியவை, சமூக அறிவியல்களில் பயன்படுபவை என்பதற்காகச் சேர்க்கப்பட்டன. பழைய பாடத்தில் பாதியை நீக்கித் தருவதினும், வேறொரு பாடத்தைத் தேர்ந்து முழுமையாகத் தருவதே தக்கது என்னும் உண்மை கணிதத்திலும் மெய்ப்பட்டது.

அடுத்த அடி இன்னும் துணிவானது. டார்ட்மத் மாணவருள் பெரும்பாலோர் மானிடவியல்களும் சமூக அறிவியல்களும் பயின்றவர்கள். நாளைய அலுவலகங்களிலும் ஆட்சியிலும் முடிவெடுக்கப்போகிறவர்கள் அவர்களே. அக்காலத்தில் கணிப்பொறியை அணுகுவதென்றால் துளையிட்ட அட்டைகளை ஒப்படைத்துவிட்டு விடைக்காகக் காத்திருத்தல் வேண்டும். கெமனியும் அவருடைய தோழர் தாமஸ் கர்ட்ஸும் ஒரே பொறியைப் பலர் ஒரே வேளையில் பயன்படுத்தும் நேரப்பகிர்வு முறையை உருவாக்கினர். அதற்கு ஏற்றதாகப் 'பேசிக்' என்னும் நிரல்மொழியைப் படைத்தனர். அன்றாட ஆங்கிலச் சொற்களே அதன் கட்டளைகள். அம்முறைக்கு வேண்டிய நிரல்களை எழுதியவர்களுட் பலர் கல்லூரி மாணவர்களே. 1964 மே 1ஆம் நாள் விடியற்காலை நான்கு மணிக்கு அதன் முதல் நிரல் இயங்கியது.

கல்லூரி நூலகத்தில் மாணவன் எவரையும் கேளாமல் அலமாரியிலிருந்து நூலை எடுத்துப் படிப்பதுபோல் கணிப்பொறியும் எல்லார்க்கும் திறந்திருத்தல் வேண்டும் என்பது கெமனியின் உவமை. இலக்கிய மாணவனும் தானே நிரல் எழுதினால்தான் பொறியின் ஆற்றலும் அதன் குறையும் அவனுக்கு விளங்கும். பொறி சொல்வதெல்லாம் மனிதன் சொல்லியதன் விளைவே என்று அப்போதுதான் அவன் உணர்வான். செயற்கை நுண்ணறிவு கட்டுரையும் கவிதையும் எழுதித் தரும் இந்நாளில், இக்கருத்து முன்னினும் கூடுதலான பொருளுடையதாகிறது.

1970 முதல் 1981 வரை டார்ட்மத்தின் தலைவராக இருந்தபோதும் கெமனி கற்பிப்பதைக் கைவிடவில்லை. 1979 மார்ச் 28ஆம் நாள் பென்சில்வேனியாவின் மூன்று மைல் தீவு அணுமின் நிலையத்தில் விபத்து நேர்ந்தது. அதனை ஆராயக் குடியரசுத் தலைவர் கார்ட்டர் அமைத்த குழுவுக்குக் கெமனியே தலைவரானார். கருவிகளின் குறையினும், அவற்றை இயக்கியோர் பெற்ற பயிற்சியிலும் நிறுவனங்களின் மனப்போக்கிலும் கண்ட குறைகளே அடிப்படையானவை என்பது அக்குழுவின் முடிவு. அணுகுண்டின் காலத்தில் தொடங்கிய வினா, அணுமின் நிலையத்தின் காலத்தில் மீண்டும் எழுந்தது. தொழில்நுட்பம் தெரிந்தவர் மட்டும் தொழில்நுட்பத்தைக் காத்துக்கொள்ள இயலாது.

பாலத்தைப் படித்தல்

தொழில்நுட்பத்தைப் பொதுக்கல்வியாக்கும் முயற்சியில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகக் கட்டடப் பொறியியலாளர் டேவிட் பில்லிங்டனின் பணி தனியிடம் பெறுவது. கட்டடக்கலை பயின்ற மாணவர், தாம் கற்கும் சமன்பாடுகளுக்கும் காணும் அழகிய கட்டுமானங்களுக்கும் தொடர்பில்லை என்று குறைப்பட்டதே அவரைச் சிந்திக்கத் தூண்டியது. 1970களில் அவர் உருவாக்கிய 'கட்டமைப்புகளும் நகரச் சூழலும்' என்னும் பாடத்தில் பொறியியல் மாணவரும் கலை மாணவரும் ஒன்றாக அமர்ந்தனர்.

ஈபில் கோபுரம், புரூக்ளின் பாலம், சுவிட்சர்லாந்தில் ராபர்ட் மயார் 1930இல் கட்டிமுடித்த சால்கினாடோபல் பாலம் ஆகியவற்றை ஓவியத்தையும் கவிதையையும்போல் படித்தறிவதே அவர் முறை. ஒவ்வொன்றையும் மூன்று வினாக்களால் அளந்தார். குறைந்த பொருளைக் கொண்டு நிற்கிறதா? குறைந்த செலவில் மக்களுக்குப் பயன்படுகிறதா? இவ்விரண்டையும் நிறைவு செய்தபின் அழகாகவும் இருக்கிறதா? சிக்கனமும் அழகும் பகையல்ல என்பதற்கு மயாரின் பாலம் சான்று. ஆழ்ந்த பள்ளத்தாக்கின் மேல் 90 மீட்டர் தாவும் அந்த மெல்லிய வளைவு, செலவு குறைந்தது என்பதற்காகவே தேர்ந்தெடுக்கப்பட்டது. யாப்பின் கட்டுக்குள் சொல் சுருங்கச் சுருங்கப் பொருள் செறிவதை அறிந்த பாவலர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

இப்பாடம் கணக்கைத் தவிர்க்கவில்லை என்பது நோக்கத்தக்கது. தொங்குபாலத்தின் வடத்திலுள்ள கிடைமட்ட இழுவிசையை அறிய, ஒரு மீட்டருக்குரிய சுமையைப் பாலத்தின் நீளத்தின் வர்க்கத்தால் பெருக்கி, வடத்தின் தொய்வைப்போல் எட்டு மடங்கால் வகுத்தல் வேண்டும். பெருக்கலும் வகுத்தலும் அறிந்தவர் எவரும் இதனைச் செய்யலாம். தொய்வு பாதியானால் இழுவிசை இருமடங்காகும் என்பதைத் தானே கணித்தறிந்த மாணவன், பாலத்தின் கோபுரங்கள் அத்துணை உயர்ந்து நிற்பது ஏன் என்பதை உணர்கிறான். அதன்பின் அவன் கண்ணுக்குப் பாலம் வெறும் பாதையன்று. 'கோபுரமும் பாலமும்' என்னும் பொருளுடைய தலைப்பில் பில்லிங்டனின் நூல் 1983இல் வெளிவந்தது.

இந்நாட்டில்

இவ்வெண்ணங்கள் இந்தியாவை எட்டாமலில்லை. விடுதலைக்குப்பின் 1948இல் அமைக்கப்பெற்ற பல்கலைக்கழகக் கல்விக் குழுவுக்குச் ச. இராதாகிருஷ்ணன் தலைவர், இயற்பியலறிஞர் மேகநாத சாகாவும், சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ. இலட்சுமணசாமி முதலியாரும் அதன் உறுப்பினர்கள். அக்குழு 1949இல் அளித்த அறிக்கை பொதுக்கல்வியைப் பற்றியும் பேசிற்று. கலை மாணவர்க்கு அறிவியலும் அறிவியல் மாணவர்க்குக் கலையும் கற்பித்தல் வேண்டும், அதனைக் காலந்தாழ்த்தாது தொடங்குதல் வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. அலிகார் முசுலிம் பல்கலைக்கழகம் முதலிய சில இடங்களில் அது முயன்று பார்க்கப்பட்டதெனினும், நாடளாவிய மரபாக வேரூன்றவில்லை. நெடுங்காலத்திற்குப்பின், உச்சநீதிமன்றம் 1991இல் பிறப்பித்த ஆணையைத் தொடர்ந்தும், 2003இல் மீண்டும் வலியுறுத்தியதன் பயனாகவும், சுற்றுச்சூழற் கல்வி எல்லாப் பட்ட மாணவர்க்கும் கட்டாயப் பாடமாயிற்று. தமிழிலக்கியம் பயில்வோரும் கற்றாக வேண்டிய அறிவியல் சார்ந்த பாடம் இவ்வாறு நீதிமன்றத்தின் வாயிலாக வந்து சேர்ந்தது.

வந்தது விதி, பாடம் அமைந்ததா என்பதே வினா. ஆற்றின் மாசு, ஓசோன் படலம், மக்கள்தொகை, பேரிடர் என அனைத்தையும் பக்கத்திற்கொன்றாய் அடுக்கி, வரையறைகளை மனப்பாடம் செய்வித்துத் தேர்வு நடத்தின் விதி நிறைவேறும், கல்வி நிறைவேறாது. ஓர் ஆற்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனை அளப்பது எவ்வாறு, அவ்வளவை நம்புவது எவ்வாறு, அளந்தவரை மறுப்பவர் கூறுவது யாது என்று ஒரு பருவம் முழுதும் ஆராய்ந்தால் அதுவே பொதுக்கல்வியாகும். பரப்பைத் துறக்கும் துணிவு இங்கும் வேண்டப்படுகிறது.

வரலாறு கூறுவது

ஹார்வர்டின் பழைய பொதுக்கல்வித் திட்டம் 1978இல் வேறொரு திட்டத்திற்கு இடமளித்தது. அதுவும் 2007இல் எடுத்த முடிவால் மாற்றப்பட்டது. திட்டங்கள் மாறுதல் இயல்பே. மாறாது நிற்பவை அவற்றை வகுத்தோர் கண்ட சில உண்மைகள். எதைச் சேர்ப்பது என்பதினும் எதை விடுவது என்பதே பாடம் வகுப்போன் எதிர்கொள்ளும் கடினமான வினா. விட்டபின் எஞ்சியதை முழு ஆழத்திற்குக் கொண்டு செல்லுதல் வேண்டும். கணக்கை நீக்குதல் மாணவனுக்குச் செய்யும் உதவியன்று; பொருளுடைய கணக்கைத் தேர்ந்து தருதலே உதவி. எல்லாவற்றினும் மேலாக, இவ்வகுப்பைத் துறையின் தலைசிறந்தோர் ஏற்றல் வேண்டும். கோனன்டும் வால்டும் கெமனியும் தம் நேரத்தை அதற்கு ஈந்தனர்.

கவிஞர்க்கு இயற்பியல் என்னும் தொடரில் எள்ளல் இருக்கலாம். ஆனால் காற்றின் எடையை அறிய மலையேறிய பெரியேயின் கதையைக் கேட்டு, 'ஏறினால் பாதரசம் இறங்கும்' என்பதை அவருக்கு முன்பே ஊகித்துவிடும் மாணவன், அந்த ஒரு கணத்தில் இயற்பியலாளனே. அவன் பின்னர்க் கவிதை எழுதலாம், கடை நடத்தலாம், வாக்களிக்கலாம். அணுமின் நிலையம் பற்றியோ ஆற்றுநீர் பற்றியோ வல்லுநர் ஒருவர் வந்து பேசும் நாளில், 'எவ்வாறு அறிந்தீர்கள்?' என்று அமைதியாக வினவ அவனால் இயலும். அவ்வொரு வினாவைக் கேட்கக் கற்பித்தலே இப்பாடங்கள் தோன்றிய நோக்கம்.